அப்பச்சியின் கன்னமும் தேங்காயெண்ணெய் சோப்பும்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், வேண்டிய பகுதியை மட்டும் தருகிறேன். செட்டிநாட்டு வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா.

"ஐயா, எங்கள் அப்பச்சிக்கு 71 வயது. இன்றும் காலையில் வளவுத் தூணில் கண்ணாடியை மாட்டி, அவர்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த மரக்கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றித்தான் சவரம் செய்துகொள்வார்கள். பிறந்தநாளுக்கு நானே சோப்பு செய்து கொடுக்கலாமென்று அரை லிட்டர் தேங்காயெண்ணெய், ஐந்து மேசைக்கரண்டி காஸ்டிக் சோடா, ஒரு டம்ளர் தண்ணீர் என்று கலந்து செய்தேன். நுரை பொங்கித்தான் வருகிறது. ஆனால் இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு வருவதற்குள் காணாமல் போகிறது. அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் கன்னம் சிவந்து தோல் உரிவதை ஆத்தாதான் பார்த்துச் சொன்னார்கள். சோப்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மஞ்சள்தூளைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், குங்குமமாகச் சிவந்துவிட்டது. காரம் மிச்சமிருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கலக்கிய ஈயம் பூசிய பித்தளைச் சட்டியும் கறுத்துப்போய் ஆத்தாவிடம் திட்டு வாங்கினேன். தயிரும் எலுமிச்சையும் சேர்த்தால் சரியாகுமா? நன்றாக வந்தால் கானாடுகாத்தானுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாமா?"

முதல் வேலையாக அந்தச் சோப்பை அப்பச்சியிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். மகள் செய்து கொடுத்தது என்பதற்காக எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இன்னும் நாலு நாள் போடுவார்கள். கன்னம் ஆறும்வரை சவரமே வேண்டாம். வெறும் தண்ணீரில் முகம் கழுவி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, அவர்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது "ஐந்து மேசைக்கரண்டி" என்ற சொல்தான். முப்பது வருடம் சோப்பு ஆலைகளில் வேலை பார்த்தவன் நான். காஸ்டிக்கைக் கரண்டியால் அளக்கிறார்கள் என்று கேட்டால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் கடிதம் வந்த அன்றே வீட்டில் ஒரு மேசைக்கரண்டியை எடுத்து, காஸ்டிக் செதிலை நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டி எடுத்தால் 14 கிராம். கோபுரமாக எடுத்தால் 21 கிராம். அரை லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை சுமார் 460 கிராம். ஒரு கிராம் தேங்காயெண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். ஆக மொத்தம் 84 கிராம் போதும். நீங்கள் கரண்டியைத் தட்டி எடுத்திருந்தால் 70 கிராம்தான் போயிருக்கும். எண்ணெய் மிஞ்சிய, மெத்தென்ற சோப்பு கிடைத்திருக்கும். கோபுரமாக எடுத்திருந்தால் 105 கிராம். மிஞ்சிய 20 கிராம் காரம் சேர எண்ணெய் இல்லாமல் அந்தச் சோப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அப்பச்சியின் கன்னத்தைப் பார்த்தால் நீங்கள் கோபுரக் கட்சி என்றுதான் தெரிகிறது.

மஞ்சள் சிவந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் தப்பு. சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சோப்பில் காரம் மிஞ்சியா இருக்கிறது? நல்ல சோப்பே காரத்தன்மை உடையதுதான். அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9, 10 என்று நிற்கும். மஞ்சள் அதற்கே சிவந்துவிடும். ஆகவே மிகச் சரியாகச் செய்த சோப்பும் இந்தச் சோதனையில் தோற்கும். மேலே பூத்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு காரம் சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. கத்தியால் சுரண்டினால் போய்விடும். ஆனால் உங்கள் விஷயத்தில் சுரண்டிப் பயனில்லை, உள்ளேயும் காரம் இருக்கிறதே.

சட்டி கறுத்ததற்கும் இதுவே காரணம். ஈயப்பூச்சு என்று நாம் சொல்வது வெள்ளீயம். வெள்ளீயம் காரத்தில் கரையும், பித்தளையில் உள்ள துத்தநாகமும் கரையும். அலுமினியம் இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் அலுமினிய முகவையைக் காரத் தொட்டிக்குள் மறந்து போட்டுவிட்டேன். புஸ்ஸென்று நுரைத்து ஆவி கிளம்பியது. அது எரியக்கூடிய ஹைட்ரஜன். மறுநாள் முகவை சல்லடையாகக் கிடந்தது. எவர்சில்வர் பாத்திரம்தான் இந்த வேலைக்குச் சரி. மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசிய பாத்திரம், வீட்டில் நிறைய இருக்கும்; உள்பக்கம் ஒரு சில்லுகூடப் பெயராமல் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனாலும் ஆத்தாவின் சீர்ச் சாமானில் கை வைக்காமல் இருப்பதே வீட்டு அமைதிக்கு நல்லது.

சரி, காரத்தைத் துல்லியமாக நிறுத்துப் போட்டிருந்தால் நல்ல சவர சோப்பு வந்திருக்குமா? வந்திருக்காது. நல்ல குளியல் சோப்பு வந்திருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சவரத்தில் சோப்பின் வேலை அழுக்கை எடுப்பது இல்லை. மயிர் தண்ணீரில் ஊறினால்தான் மெத்தாகும். ஊற இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். அதுவரை தண்ணீர் வழிந்து போகாமல், காய்ந்து போகாமல் கன்னத்தில் பிடித்து வைப்பது நுரை. அப்புறம் கத்தி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே பெரிய குமிழி பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழியாக, கெட்டித் தயிர் போல நிற்கும் நுரை வேண்டும். தேங்காயெண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது சட்டென்று பெரிய குமிழியாகப் பொங்கும், சட்டென்று அடங்கும். தோலிலுள்ள எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். நுரையை நிற்க வைப்பது ஸ்டியரிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம். தேங்காயெண்ணெயில் அது 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. சவர சோப்புக்குப் போடும் கொழுப்பில் பாதி ஸ்டியரிக்காகவே இருந்தால்தான் வலது கன்னம்வரை நுரை தாங்கும்.

இங்கே ஒரு சிக்கல். ஸ்டியரிக்கைக் காஸ்டிக் சோடாவோடு மட்டும் சேர்த்தால் மெழுகுக் கட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் கரைய மறுக்கும், பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தாலும் ஒட்டாது. அதற்குத்தான் காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பொட்டாசியம் சோப்பு இளகியது, சீக்கிரம் கரைவது. சோடியம் கட்டியைக் கொடுக்கும், பொட்டாசியம் நுரையைக் கொடுக்கும். ஆகவே இரண்டையும் கலந்து போடுவார்கள். இரண்டுமே மின்சாரத்தின் பிள்ளைகள்தான்: உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பாய்ச்சினால் காஸ்டிக் பொட்டாஷ். அந்த மின்வேதியியலுக்கென்றே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது அந்த வாசல் வழியாக சைக்கிளில் போவதே ஒரு பெருமை.

இப்போது அளவு. எல்லாமே கிராம், தண்ணீரும் கிராம்தான். ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அரைக் கிராமும் காட்டினால் இன்னும் நல்லது. ஸ்டியரிக் அமிலம் 165, தேங்காயெண்ணெய் 105, விளக்கெண்ணெய் 30. மொத்தம் 300 கிராம் கொழுப்பு. காஸ்டிக் பொட்டாஷ் 41, காஸ்டிக் சோடா 17.5, தண்ணீர் 120. கடைசியில் சேர்க்க கிளிசரின் 20. இந்த அளவில் கொழுப்பில் ஏறத்தாழ 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும். அது வேண்டுமென்றே விடுவது, கன்னத்துக்குப் பாதுகாப்பு. பொட்டாஷ் நூற்றுக்கு நூறு சுத்தமாக வராது, ஈரத்தையும் இழுக்கும். 90 சதவீதச் சரக்குக்குத்தான் 41 கிராம் சொன்னேன். லேபிளில் 85 என்று இருந்தால் 43 போடுங்கள். லேபிளே இல்லாத சரக்கு என்றால் வாங்காதீர்கள்.

ஸ்டியரிக் அமிலம் மெழுகுவத்திச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், மதுரையில் சுலபம். கடைக்காரர் பாரஃபின் மெழுகைக் கட்டிக் கொடுத்துவிடப் போகிறார், கவனம். இரண்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பாரஃபின் ஒருநாளும் சோப்பாகாது. ஒரு சிட்டிகையை, சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் போட்டுப் பாருங்கள்: ஸ்டியரிக் என்றால் பொங்கிக் கரைந்து நீர் சோப்புத் தண்ணீராகும், பாரஃபின் என்றால் எண்ணெயாக மேலே மிதக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, ஸ்டியரிக் கிடைக்காவிட்டால் இலுப்பெண்ணெயை நினைக்கலாம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் உண்டு. ஆனால் வாசனை அடங்காது. அப்பச்சியின் முகத்தில் கோயில் விளக்கு வாசனை வரும்.

செய்யும் இடம் இரண்டாங்கட்டு முற்றம். காற்றோட்டம் இருக்கும், பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பாருங்கள். கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கை சட்டை, காலில் மூடிய செருப்பு. 120 கிராம் தண்ணீரை எடுத்து, அதில் இரண்டு காரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீருக்குள் காரம், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, வெடித்துத் தெறிக்கும். பொட்டாஷ் கரையும்போது சீறும், பாத்திரம் தொட முடியாத சூடாகும், பயப்பட வேண்டாம், ஆவியை மட்டும் முகர்ந்துவிடாதீர்கள். இன்னொரு பக்கம் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, அதற்குள் எவர்சில்வர் சட்டியை இறக்கி, ஸ்டியரிக்கையும் எண்ணெய்களையும் உருக்குங்கள். 75, 80 டிகிரிக்கு வந்து கண்ணாடி போலத் தெளிந்ததும், சூடான காரக் கரைசலை நூல் பிடித்தாற்போல ஊற்றிக் கிண்டுங்கள்.

அடுத்த நிமிடம் பலர் பயந்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஸ்டியரிக் எண்ணெய் மாதிரி நிதானமானது இல்லை. அது அமிலம், காரம் பட்ட கணமே சோப்பாகும். சட்டியில் இருப்பது உளுந்தங்களி போல ஒரேயடியாக இறுகி, கரண்டி நின்ற இடத்தில் நிற்கும். கெட்டுப் போகவில்லை, அப்படித்தான் வர வேண்டும். குளியல் சோப்பு மாதிரி கலக்கி அச்சில் ஊற்றி மறுநாள் எடுக்கும் முறை இதற்கு ஒத்துவராததும் இதனால்தான். இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, மரக்கரண்டியால் அமுக்கி அமுக்கிக் கிண்டுங்கள். மூடிவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை களி கிண்டுவது போலப் புரட்டிவிட்டு, ஒன்றே கால் மணி நேரம் அந்த வெந்நீரிலேயே வேக விடுங்கள். கட்டியும் மாவுமாக இருந்தது மெல்ல இளகி, ஒரே நிறமாகப் பளபளக்கும். கீழே சொல்லும் காரச் சோதனையை முடித்துவிட்டு இறக்கி, கிளிசரினைச் சேர்த்துப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வாசனை சேர்த்து, கிண்ணத்தில் அழுத்தி நிரப்புங்கள். நாலு கிண்ணம் வரும். அந்தப் பர்மா மரக்கிண்ணத்தில் நேரடியாக அழுத்தாதீர்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் அழுத்தி அதற்குள் வையுங்கள்.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று ஆலையில் நாங்கள் பழைய வழக்கப்படி நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்போம். மின்சாரம் அடித்தது போலச் சுரீரென்றால் காரம் மிச்சம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கடுகளவு சோப்பைச் சூடான வெந்நீரில் நிற்கவைத்த கிண்ணத்திலுள்ள ஸ்பிரிட்டில் கரைத்து, காரம் பட்டால் சிவக்கும் பினால்ப்தலீன் என்ற சோதனை மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். அடுப்பு அணைத்திருக்க வேண்டும், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். இளஞ்சிவப்பு ஏறினால் இன்னும் அரைமணி வேக வையுங்கள். தண்ணீரில் கரைத்துச் சோதித்தால் மஞ்சள்தூள் கதைதான், நல்ல சோப்பும் சிவக்கும். பிறகு இரண்டு வாரம் ஆறப் போட்டுவிட்டு, முதலில் உங்கள் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்பச்சியிடம் கொடுங்கள்.

தோலில் காரம் தெறித்தால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதே போலக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட ஏற்பாடு செய்யுங்கள். எலுமிச்சை, வினிகர் விட்டால் காரம் முறியும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், சூடு கிளம்பிப் புண் கூடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிந்தினாலும் தண்ணீர்தான். வினிகர் விட்டால் அமிலம் சிமெண்டை அரித்துக் கல்லின் பூ மங்கிவிடும். மீதிக் காரத்தை அதன் டப்பாவிலேயே, மேலே பெரிதாக எழுதி, அடுப்படிக்கு வெளியே பூட்டி வையுங்கள். பார்க்கக் கல்லுப்பு மாதிரி இருக்கும்.

தயிரும் எலுமிச்சையும் கேட்டீர்கள். இரண்டும் அமிலம், நிறுத்துப் போட்ட காரத்தில் கொஞ்சத்தைத் தின்று உங்கள் கணக்கைக் குலைக்கும், தயிர் கெட்டும் போகும். பச்சை இலைச் சாறும் அப்படியே. முல்தானி மட்டி 5 கிராம் வேண்டுமானால் போடலாம், கத்தி நன்றாக வழுக்கும். வாசனைக்கு வெட்டிவேர் எண்ணெய் 3 கிராம் போதும். சந்தன எண்ணெய் என்றால் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து நுரை வராவிட்டால் சோப்பைத் திட்டாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். உங்கள் கிணற்று அல்லது போர்த் தண்ணீரில் பருப்பு சட்டென்று வேகுமா? வேகாது என்றால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பருப்பை வேகவிடாத அதே சத்து சோப்போடு சேர்ந்து, கரையாத தயிர்த் திரளாகக் கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டும், நுரைக்கு மிச்சமிருக்காது. நம் பக்கத்து வீடுகளில் முற்றத்து மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தது சும்மா இல்லை. சவரத்துக்கு ஒரு டம்ளர் மழைத்தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ கொடுத்துப் பாருங்கள். அதே சோப்பு வேறு சோப்பாகத் தெரியும். பிரஷ்ஷை அதில் ஊறவைத்து, உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து முகத்திலேயே நுரைக்க வேண்டும். இது அப்பச்சிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விற்பது பற்றி: சோப்பு நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். 2020 அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வாங்காமல் விற்கக் கூடாது. முதலில் ஒரு வருடம் வீட்டுக்கும் உறவுக்கும் செய்து கை பழகட்டும், பிறகு யோசிக்கலாம்.

பழைய சோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு துருவி, கொஞ்சம் தண்ணீரோடு வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்கி, 110 கிராம் தேங்காயெண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் வேக விடுங்கள். மிஞ்சிய 20 கிராம் காரத்துக்கு அவ்வளவு எண்ணெய் சரியாக இருக்கும். கரண்டிக் கணக்கை நான் ஊகித்துத்தான் சொல்கிறேன் என்பதால் அதை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாஷ் வாங்கியதும் லேபிளில் என்ன சதவீதம் போட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 85-உம் இல்லாமல் 90-உம் இல்லாமல் இருந்தால் அளவைத் திருத்தி அனுப்புகிறேன்.